தேசியப் பெயர்ப்பலகையும் நாலந்தாவின் சதுரங்கப் பலகையும்

ஒரு ஸ்தாபனம் தனது பெயர்ப்பலகையிலே 'தேசிய' என்னும் சொல்லைப் பொறித்துக்கொள்வது எளிது. அச்சொல்லுக்குரிய கடமையை ஏற்று நிற்பது அத்துணை எளிதன்று. சதுரங்கத்தை நாடளாவ நடத்துவதற்கும் பரப்புவதற்கும் என்று ஏற்பட்ட ஸ்தாபனங்களை இக்கட்டுரையில் நாம் உரைத்துப் பார்க்க முற்படுகின்றோம். இலக்கிய ஏட்டிலே சதுரங்கத்துக்கு என்ன இடம் என்று வாசகர் சிலர் வினவக்கூடும். மனிதனது சிந்தனை எங்கெல்லாம் வளர்கின்றதோ, அவ்வளர்ச்சியைச் சுற்றி எங்கெல்லாம் வேலியிடப்படுகின்றதோ, அங்கெல்லாம் விமர்சகனுக்கு வேலை உண்டு என்பதே நமது விடை.

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருவீதியில் நாலந்தா என்னும் சிற்றூர் உள்ளது. திராவிடக் கட்டடக் கலையின் சாயலிலே பௌத்தர்கள் வழிபட எழுந்த கெடிகே என்னும் பழங்கற்கட்டடம் அங்கேதான் நிற்கின்றது. மகாவலித் திட்டத்தின் கீழ் போவத்தென்ன நீர்த்தேக்கம் எழுந்தபோது, நீரில் மூழ்கவிருந்த அக்கட்டடத்தைக் கல் கல்லாகப் பெயர்த்தெடுத்து மேட்டிலே மீண்டும் நிறுத்தினர். அவ்வூருக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 19ஆம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கென்று தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கி, காடும் காய்ச்சலும் கடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்த பாதை இப்பகுதியை ஊடறுத்தே சென்றது. 2023இல், மலையக மக்களின் இருநூறாவது ஆண்டை நினைந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்கள் அப்பாதையின் நினைவையே மீட்டெடுத்தனர்.

அண்மையில் அப்பகுதி ஆசிரியர் சிலருடன் உரையாடும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அவர்களுள் ஒருவர் தோட்டப் பாடசாலையொன்றிலே கற்பிப்பவர். மற்றொருவர் அண்டையிலுள்ள சிங்களப் பாடசாலை ஆசிரியர். இருவரும் தத்தம் மாணாக்கருக்குச் சதுரங்கம் பழக்கி, மாதம் ஒரு முறை இரு பாடசாலைப் பிள்ளைகளையும் ஒன்றாக அமர்த்தி ஆடவிடுகின்றனர். குதிரை எப்படிப் பாயும் என்பதற்குச் சிங்களமும் வேண்டியதில்லை, தமிழும் வேண்டியதில்லை என்று அவர்கள் நகைத்தனர். மொழி குறுக்கிட்டது வேறோரிடத்தில். ஒரு போட்டி பற்றிய சுற்றுநிருபம் அவர்கள் கைக்கு வந்தபோது விண்ணப்பத்துக்கான கடைசித் திகதி கடந்துவிட்டிருந்தது. வந்த தாளும் ஆங்கிலத்திலேயே இருந்தது. திகதி தப்பாதிருந்தாலும், நுழைவுக் கட்டணத்தோடு வான் வாடகையும் ஓரிரவுத் தங்கற் செலவும் சேர்ந்து, ஒரு தோட்டக் குடும்பத்தின் பல நாட் கூலியை விழுங்கியிருக்கும். "எங்க பிள்ளைங்களுக்கு ஆடத் தெரியாதுன்னு இல்லீங்க, ஆடுறாங்கன்னு வெளியில சொல்லத்தான் ஆளில்ல" என்றார் தோட்டப் பாடசாலை ஆசிரியர்.

அந்த ஒரு வாக்கியத்திலேயே நமது விமர்சனத்தின் கரு அடங்கியிருக்கின்றது. ஆடுகின்ற பிள்ளை இருக்கின்றாள். அவளை நாட்டுக்குக் காட்டும் கரம் இல்லை. அக்கரமாக விளங்குவதே தேசியச் சதுரங்க ஸ்தாபனத்தின் முதற் கடமை. நடத்துதல், பரப்புதல் என்று இரு வேலைகள் தனித்தனியே உள்ளன என்று நிர்வாகிகள் பலரும் எண்ணுகின்றனர். செவ்வனே நடத்தப்படும் போட்டியைக் காட்டிலும் சிறந்த விளம்பரம் இல்லை. எவரையும் எட்டாத போட்டியை எத்துணை வண்ணத்தில் அச்சிட்டாலும் அது விளம்பரமாகாது.

*

இக்கேள்வியின் வேரைக் காண 1924ஆம் ஆண்டுக்குச் செல்லுதல் தகும். அவ்வாண்டிலே மூன்று காரியங்கள் நிகழ்ந்தன. பாரிஸ் நகரிலே, ஜூலை 20ஆம் நாள், ஃபிடே எனப்படும் உலகச் சதுரங்க சம்மேளனம் தோன்றியது. நாமெல்லோரும் ஒரே குலம் என்னும் பொருள்பட்ட லத்தீன் வாசகத்தை அது தன் கொள்கையுரையாக ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டில் சோவியத் நாட்டிலே சதுரங்கத்தை வெகுஜனங்களிடம் கொண்டுசெல்லும் பொறுப்பை அரசே ஏற்று, அதன் தலைமையைக் கிரிலென்கோவிடம் ஒப்படைத்தது. அதே ஆண்டிலேதான் பிரேம்சந்த் சதுரங்க ஆட்டக்காரர் இருவரைப் பற்றிய தமது புகழ்பெற்ற சிறுகதையை வெளியிட்டார். ஆங்கிலேயர் அவத் இராச்சியத்தை விழுங்கும் வேளையிலே, லக்னோவின் பிரபுக்கள் இருவர் பலகையிலுள்ள அரசனைக் காப்பதிலேயே ஆழ்ந்துகிடக்கின்றனர். பின்னாளில், 1936இல், முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் முதல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய அக்கலைஞர், நிலப்பிரபுத்துவத்தின் சோம்பலைச் சுட்டச் சதுரங்கத்தையே உருவகமாகக் கொண்டது தற்செயலன்று. உழைப்பிலிருந்து விடுபட்டவனின் பொழுதுபோக்காகவே நமது நாடுகளில் இவ்வாட்டம் நெடுங்காலம் இருந்துவந்தது.

அந்நிலையின் கொடுமையை மீர் சுல்தான் கானின் வாழ்க்கை காட்டும். பஞ்சாபின் கிராமமொன்றிலே பிறந்த அவர், சேர் உமர் ஹயாத் கான் என்னும் பெருநிலக்கிழாரின் ஆதரவில் 1929இல் இங்கிலாந்து சென்றார். 1929, 1932, 1933 ஆகிய மூன்றாண்டுகளிலே பிரித்தானியச் சாம்பியன் பட்டத்தை வென்றார். முன்னாள் உலகச் சாம்பியன் கப்பபிளாங்காவை ஹேஸ்டிங்ஸ் நகரிலே தோற்கடித்தார். அதே நிலக்கிழாரின் இல்லத்தில் பணிபுரிந்த பாத்திமா என்னும் பெண்மணி, 1933இல் பிரித்தானிய மகளிர் பட்டத்தைக் கைப்பற்றினார். ஆதரித்தவர் நாடு திரும்பியதும் இருவரது சர்வதேச ஆட்டமும் நின்றுபோயிற்று. 1966இல் மறைந்த சுல்தான் கானுக்கு ஃபிடே கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது 2024இல். ஒரு மனிதரின் தயவிலே மேதைமை வளரக்கூடும். அத்தயவு விலகிய மறுகணம் அது பட்டுப்போகவும் கூடும். ஸ்தாபனம் எதற்கு என்று கேட்போருக்கு இவ்விருவர் வாழ்வே விடை.

தனிமனிதர் தயவுக்கு மாற்றாக அரசின் கரத்தை நிறுத்திய சோவியத் முயற்சியை நாம் மதிக்கின்றோம். 1925இல் மொஸ்கோவிலே அரசின் செலவில் முதன்முதலாகச் சர்வதேசப் போட்டி நடைபெற்றது. அதன் சூழலிலேயே புதோவ்கின் ஒரு நகைச்சுவைப் படத்தையும் எடுத்தார். கப்பபிளாங்கா அதிலே தாமாகவே தோன்றுகின்றார். தொழிற்சாலை, படைமுகாம், பாடசாலை என்று கழகங்கள் பெருகின. ஏடுகள் மலிவாக வந்தன. ஆயின் அதன் இருண்ட பக்கத்தையும் மறைத்தல் நேர்மையாகாது. ஆட்டம் அரசியலின் கருவியாக்கப்பட்டது. அதனைக் கட்டியெழுப்பிய கிரிலென்கோவே 1938இல் சுட்டுக்கொல்லப்பட்டார். லத்வியாவின் தலைசிறந்த ஆட்டக்காரர் பெத்ரோவ் 1943இல் தடுப்புமுகாமில் மாண்டார். கழகத்தைத் தொழிலாளியிடம் கொண்டுசென்றது போற்றத்தக்கது. கழகத்தின் குரலைத் தொழிலாளியிடமிருந்து பறித்தது கண்டிக்கத்தக்கது. இரண்டையும் ஒருசேரக் காணாத பார்வை முற்போக்கு ஆகாது.

*

அம்முயற்சியின் நற்பயன் ஒன்று தமிழ் மண்ணிலும் விளைந்தது. 1951இல் அகில இந்தியச் சதுரங்க சம்மேளனம் அமைந்த காலத்திலே, இந்தியாவின் ஊர்கள் பலவற்றில் ஆட்டவிதிகளே ஒன்றாக இருக்கவில்லை. கோட்டை கட்டுதலுக்குப் பதிலாக அரசன் ஒரு முறை குதிரைபோற் பாயலாம் என்பது போன்ற நாட்டு வழக்குகள் நிலவின. ஒரே விதி இல்லையேல் ஓரூர் ஆட்டக்காரன் மற்றோரூர் ஆட்டக்காரனுடன் நியாயமாக மோத இயலாது. 1961இல் இந்தியாவின் முதலாவது சர்வதேச மாஸ்டர் ஆன மானுவேல் ஆரன், தேசியப் பட்டத்தை ஒன்பது முறை வென்றவர். அவருடைய வெற்றிகளிலும் பெரிது, சர்வதேச விதிகளையும் ஆட்ட நூற்பயிற்சியையும் பரப்ப அவர் எடுத்த முயற்சி என்பது நமது மதிப்பீடு. 1972இல் சென்னையில் சோவியத் கலாசார நிலையத்திலே மிக்கேல் தால் பெயரில் ஒரு சதுரங்கக் கழகம் தோன்றியது. அக்கழகத்திலே சிறுவனாக ஆடிப் பழகியவரே 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆன விசுவநாதன் ஆனந்த். ஆடுவதற்கு ஓரிடம், வாசிப்பதற்கு நூல், மோதுவதற்கு வலிய எதிராளி ஆகிய இம்மூன்றும் ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன.

2024இன் நடுப்பகுதிக்குள் இந்தியாவின் கிராண்ட்மாஸ்டர்கள் 85 பேராயினர். அவர்களுள் ஏறக்குறைய மூன்றிலொருவர் தமிழ்நாட்டவர். அவ்வாண்டு டிசம்பரிலே, சிங்கப்பூரில், 18 வயதுக் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார். நாமும் மகிழ்ந்தோம். ஆயினும் மகிழ்ச்சியின் நடுவே ஒரு கேள்வியை எழுப்பாது இருக்க முடியவில்லை. மகனோடு நாடு நாடாகச் செல்வதற்கென்று அவருடைய தந்தை மருத்துவத் தொழிலையே விட்டார். தாயின் ஊதியத்திலே குடும்பம் நடந்தது. நண்பர்கள் கைகொடுத்தனர் என்பவை வெளிப்படையாகப் பேசப்பட்ட செய்திகள். பெற்றோரின் தியாகத்தை வியக்கும் ஏடுகள், அத்தியாகம் ஏன் தேவைப்பட்டது என்று கேட்பதில்லை. வைத்தியர் தொழிலை விடலாம்; கொழுந்து பறிக்கும் தாய் ஒரு நாட் பேரை விட்டால் அன்றைய அடுப்பு எரியாது.

கிராண்ட்மாஸ்டர் பட்டத்தின் நிபந்தனைகளை நோக்கினால் இது இன்னும் தெளிவாகும். 2500 என்னும் தரப்புள்ளியை எட்டுவதோடு, மூன்று 'நோர்ம்' பெறுதல் வேண்டும். ஒவ்வொரு நோர்முக்கும் 2600க்கு ஒப்பான ஆற்றலைக் காட்டுதல் வேண்டும். குறைந்தது மூன்று கிராண்ட்மாஸ்டர்களோடேனும் ஆடியிருத்தல் வேண்டும். பிற நாட்டவரும் எதிராளிகளாக அமைதல் வேண்டும். கிராண்ட்மாஸ்டர்கள் அரிதாக வந்துபோகும் நாட்டிலே பிறந்த பிள்ளை இவற்றை எங்கே பெறுவாள்? ஒன்று, விமானச் சீட்டு வாங்கிப் புறப்பட வேண்டும். அல்லது, அவளது நாட்டு ஸ்தாபனம் வெளிநாட்டு வல்லாரைத் தன் மண்ணுக்கு அழைத்து ஆட்டவேண்டும். உள்நாட்டிலே சர்வதேசப் போட்டி நடத்துதல் ஆடம்பரம் என்று கருதுவோர் இந்தக் கணக்கைப் பார்த்தல் நலம். அத்தகைய போட்டியொன்றில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஒதுக்கப்படும் ஒவ்வோர் இடமும் ஒரு குடும்பத்தின் கடனைத் தவிர்க்கும்.

*

இனி விளம்பரத்துக்கு வருவோம். 2022இல், உக்ரேன் மீதான படையெடுப்பின் காரணமாக ரஷ்யாவிடமிருந்து எடுக்கப்பட்ட 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட்டைத் தமிழ்நாடு ஏற்று, நான்கு மாத அவகாசத்திலே மாமல்லபுரத்தில் நடத்திக் காட்டியது. ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை உலகமே அங்கு திரண்டது. வேட்டி கட்டிய குதிரை 'தம்பி' என்னும் பெயரோடு ஊர்தோறும் நின்றது. சென்னையின் நேப்பியர் பாலம் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் பூண்டது. இவ்விளம்பரத்தில் மெச்சத்தக்கது உண்டு. சதுரங்கம் அறையைவிட்டு வீதிக்கு வந்தது, தமிழிலே பேசியது, கைவண்டிக்காரரும் அதன் பெயரைச் சொன்னார்.

ஆனால் அதே விளம்பரத்தட்டிகளில் யார் முகம் இருக்கவேண்டும் என்பது வழக்காகி, குடியரசுத் தலைவர், பிரதமர் ஆகியோரின் படங்களையும் சேர்க்குமாறு சென்னை உயர்நீதிமன்றம் பணிக்கும் நிலை வந்தது. தொடக்க விழாவிலோ, திருப்பூவனூரிலே சிவபெருமான் அரசகுமாரியோடு சதுரங்கம் ஆடி வென்று மணந்த தலபுராணம் நினைவூட்டப்பட்டது. புராணத்தை நாம் இகழவில்லை. சதுரங்க வல்லபநாதர் என்னும் அழகிய பெயர் தமிழரது கற்பனைக்குச் சான்று. எனினும், தலைவரின் முகமும் தொல்பெருமையும் சுவரை நிறைக்கும்போது, ஆடுகின்ற பிள்ளையின் முகத்துக்கு இடம் எங்கே? அந்த ஒலிம்பியாட்டுக்கு இலங்கை அணியும் சென்றது. எரிபொருள் வரிசைகள் மைல் கணக்கில் நீண்டு, பாடசாலைகளே மூடிக்கிடந்த காலம் அது. அவ்வணியின் பயணம் நமக்குப் பெருமையே. மூடிய அப்பாடசாலைகளிலிருந்து அவ்வணியை நோக்கி ஒரு பாதை இருக்கின்றதா என்பதே நமது கேள்வி.

ஆட்டக்காரர்பால் ஸ்தாபனம் கொள்ளும் மனப்பான்மையும் ஆராயத்தக்கது. தான் அங்கீகரிக்காத போட்டிகளில் ஆடலாகாது என்று ஆட்டக்காரரைக் கட்டுப்படுத்தி, மீறியோரைத் தரவரிசையிலிருந்து நீக்கிய குற்றத்துக்காக, 2018இல் இந்தியப் போட்டியியல் ஆணைக்குழு அகில இந்தியச் சதுரங்க சம்மேளனத்துக்கு 6.92 லட்சம் ரூபாய் தண்டம் விதித்தது. தொகை சிறிது, பாடம் பெரிது. ஸ்தாபனம் ஆட்டக்காரருக்காக ஏற்பட்டதென்பதை மறந்து, ஆட்டக்காரர் ஸ்தாபனத்தின் உடைமை என்று எண்ணத் தலைப்பட்டதன் விளைவு அது. இதற்கு முன்னரும், 1976இல், ரோகிணி காடில்கர் என்னும் சிறுமி ஆடவரோடு தேசியப் போட்டியில் அமர்ந்தபோது எதிர்ப்பெழுந்தது. பெண்களைத் தடுத்தல் கூடாதென்று ஃபிடேயின் தலைவர் மாக்ஸ் யூவே தீர்ப்பளித்த பின்னரே அது அடங்கியது. காலாள் எட்டாங் கட்டத்தை அடைந்தால் இராணியாகலாம் என்பது விதி. பலகைக்கு வெளியே அவ்விதியை மறுப்பவர் பலர்.

*

நமது நாட்டிலே தேசிய விளையாட்டுச் சங்கங்கள் யாவும் 1973ஆம் ஆண்டின் விளையாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. அமைச்சருக்கு அச்சட்டம் மிகுந்த அதிகாரம் தருகின்றது. வெளியார் தலையீடு காரணமாக 2023 ஜனவரியிலே உதைபந்தாட்டச் சம்மேளனம் உலகச் சபையால் இடைநிறுத்தப்பட்டது. அதே ஆண்டு நவம்பரிலே கிரிக்கெட் சபைக்கும் அக்கதியே நேர்ந்தது. பின்னர் இரண்டும் மீண்டன. இவற்றிலிருந்து சதுரங்க அன்பர் கற்கவேண்டியது யாது? அமைச்சரின் பிடி ஒரு நோய். சுயாதீனம் என்னும் திரையின் பின்னே கணக்கைக் காட்டாது சிலர் ஆட்சி புரிவது மற்றொரு நோய். ஒன்றுக்கு மற்றொன்றை மருந்தாக்கப் பார்க்கின்றனர். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: உறுப்பினரின் விழிப்பு. மாவட்டக் கழகங்களுக்கு உண்மையான வாக்கு, ஆண்டுதோறும் அச்சிட்டு வழங்கப்படும் வரவு செலவுக் கணக்கு, தெரிவுப் போட்டிகளின் விதியை முன்கூட்டி அறிவித்தல் என்பவை இன்றி எந்தச் சம்மேளனமும் தேசியம் என்னும் சொல்லுக்கு உரிமை கோரலாகாது.

உலக அரங்கிலும் இது பொருந்தும். ஃபிடேயில் ஒரு நாட்டுக்கு ஒரு வாக்கு. சிறு தீவின் வாக்கும் பெருவல்லரசின் வாக்கும் அங்கே சமம். 2022 ஆகஸ்டிலே சென்னையில் நடந்த தேர்தலில் துவோர்கோவிச் 157க்கு 16 என்னும் கணக்கில் மீண்டும் தலைவரானார்; ஆனந்த் துணைத் தலைவரானார். இத்தகைய தேர்தல்களிலே நமது நாட்டின் பெயரால் அளிக்கப்படும் வாக்கு யாருக்கு, எதன்பொருட்டு அளிக்கப்படுகின்றது என்பதை மாத்தளைக் கழகத்தின் உறுப்பினன் அறிந்திருத்தல் வேண்டாமா? அவன் அறியாத வாக்கு அவனுடைய வாக்கு ஆகாது.

மொழியைப் பற்றியும் திட்டமாகக் கூறுதல் வேண்டும். 1987இன் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆங்கிலம் இணைப்பு மொழி. தேசியம் என்று தன்னை அழைத்துக்கொள்ளும் எந்த ஸ்தாபனமும் தனது விதிநூலையும் சுற்றுநிருபத்தையும் சிங்களத்திலும் தமிழிலும் ஒரே நாளில் வெளியிடுதல் வேண்டும். இதற்கு மாளிகையும் வேண்டியதில்லை, கோடிகளும் வேண்டியதில்லை. மொழிபெயர்க்கத்தக்க ஓர் ஆசிரியர் போதும். இச்சிறு செலவைச் செய்யாத ஸ்தாபனம், வண்ணச் சுவரொட்டிக்குச் செய்யும் செலவு வீண்.

பின், எதுதான் மெய்யான பிரச்சாரம்? ஓர் ஆட்டத்தை எழுதிவைத்தலே அதன் தொடக்கம் என்போம். சதுரங்கத்துக்கு மற்றப் பல விளையாட்டுகளுக்கு இல்லாத ஒரு பேறு உண்டு. கிராமத்துச் சிறுமி இன்று ஆடிய ஆட்டத்தை ஒரு தாளிலே குறித்துவைத்தால், நூறாண்டின் பின்னும் உலகின் எந்த மூலையிலும் அதனை முழுமையாக மீண்டும் ஆடிப்பார்க்கலாம். மேடையில் பாடிய பாட்டுக் காற்றிலே கரையும். எழுதிய ஆட்டம் கரையாது. எனவே மாவட்டப் போட்டிகளின் ஆட்டங்களைத் திரட்டி, ஆடியோரின் பெயரும் பாடசாலையும் குறித்து, மாதந்தோறும் ஒரு சிறு மடலாக இரு மொழிகளிலும் வெளியிடும் சம்மேளனம், ஆயிரம் தட்டிகள் செய்யாததைச் செய்துவிடும். தோற்றவளின் நல்ல நகர்த்தலும் அதிலே இடம்பெறட்டும். பரிசளிப்பு விழாவின் நிழற்படத்திலே பிரதம விருந்தினரின் மாலை மட்டுமே துலங்குகின்றது. மடலின் ஆட்டத்திலோ பிள்ளையின் மூளை துலங்கும்.

ஸ்தாபனம் திருந்தும்வரை ஆசிரியர் காத்திருக்கவேண்டுமா? வேண்டியதில்லை. நாலந்தாப் பகுதியின் அவ்விருவரும் காத்திருக்கவில்லை. நாம் விடைபெறும் வேளையில் அவர்கள் ஒரு பழைய கொப்பியைக் காட்டினர். இரு பாடசாலைப் பிள்ளைகளும் ஆடிய ஆட்டங்கள் பென்சிலாற் குறிக்கப்பட்டிருந்தன. ஒரு பக்கத்தில் பெயர்கள் சிங்களத்திலும், எதிர்ப்பக்கத்தில் தமிழிலும் இருந்தன. நகர்த்தல்களைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் மட்டும் இரண்டுக்கும் பொதுவாயிருந்தன. நாடு முழுவதற்கும் உரிய சதுரங்க ஸ்தாபனம் எங்கே இருக்கின்றது என்று அன்று எவரேனும் நம்மை வினவியிருந்தால், தலைநகரத்தின் பக்கம் கைகாட்டியிருக்கமாட்டோம். அந்தக் கொப்பியைத்தான் காட்டியிருப்போம். அக்கொப்பியைப் போன்றவை ஒவ்வொரு பாடசாலையிலும் தோன்றட்டும். அவற்றைக் கையிலேந்திச் சென்று, "எங்கள் பிள்ளைகளின் ஆட்டம் இதோ, உங்கள் கணக்கு எங்கே?" என்று ஆசிரியரும் மாணாக்கரும் ஒருமித்துக் கேட்கும் நாளிலேதான் தேசியம் என்னும் அச்சொல் தனது பொருளைப் பெறும்.